ரேடியோகிராபித் தொழிலாளரும் கதிர்வீச்சு அளவிகளும்

திருவனந்தபுரம் வலியசாலைத் தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் வெண்கல உருளியோ குத்துவிளக்கோ வாங்க வேண்டுமானால், அருகிலேயே உள்ள சாலைக் கடைத்தெருவுக்குச் செல்வர். விலை பேசுமுன் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். கணீரென்று எழுந்த ஒலி சற்று நேரம் நின்று தேய்ந்தால் பாத்திரம் நல்லது. எழுந்த ஒலி உடனே அடங்கிப்போனால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். பொருளைச் சிதைக்காமலேயே அதன் உட்குறையைக் கண்டறியும் கலை ஒன்று இன்று பெரிய தொழில்நுட்பத் துறையாக வளர்ந்துள்ளது. அக்கலையின் வீட்டு வடிவமே இந்தத் தட்டிப் பார்த்தல்.

உருளிக்குப் போதுமான இம்முறை கொதிகலனுக்குப் போதாது. 1965 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தில் அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்கள் செய்யப்படுகின்றன. ஒரு கொதிகலனில் எண்ணற்ற குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுகின்றன. அவற்றினுள் ஓடும் நீராவியின் அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைவிட நூறு மடங்குக்கும் அதிகம். பற்றவைப்பின் உள்ளே கடுகளவு காற்றுக் குமிழியோ, மயிரிழை போன்ற வெடிப்போ தங்கிவிட்டால், பிற்காலத்தில் குழாய் அவ்விடத்திலேயே பிளக்கக்கூடும். ஆதலின் பற்றவைப்பின் உட்புறத்தைக் காமாக் கதிர்களாலோ எக்ஸ் கதிர்களாலோ படம் பிடித்துப் பார்க்கின்றனர். இதனையே ரேடியோகிராபி என்கிறோம். எண்ணெய்க் குழாய்கள், கப்பல் தகடுகள், பாலங்களின் உருக்குச் சட்டங்கள் ஆகியனவும் இம்முறையில் சோதிக்கப்படுகின்றன. வலியசாலைக்கு வடமேற்கே கடற்கரையில் உள்ள தும்பாவை மையமாகக் கொண்டு வளர்ந்த நம் இராக்கெட் துறையிலும், திண்ம எரிபொருளினுள் வெடிப்போ வெற்றிடமோ உள்ளதா என்று எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்ப்பதுண்டு.

பிறர் உயிரைக் காக்கும் இந்தச் சோதனையைச் செய்யும் தொழிலாளி தன் உயிரை எவ்வாறு காத்துக்கொள்கிறான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கைக்கு அடங்கும் கதிர் மூலம்

எக்ஸ் கதிர்க் குழாய்க்கு மின்சாரம் வேண்டும். விசையை அணைத்தால் கதிர்களும் நின்றுவிடும். ஆனால் பாலத்தின் மேலும், பாலைவனத்தில் பதிக்கப்படும் குழாயின் அருகிலும், கொதிகலனின் இடுக்குகளிலும் அக்குழாயைக் கொண்டுசெல்வது எளிதன்று. அத்தகைய இடங்களில் பயன்படுவது இரிடியம்-192 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு. அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கப்பட்ட இரிடிய உலோகத் துணுக்குகள் சில மில்லிமீட்டர் அளவே உடையவை. உருக்கு உறைக்குள் அடைக்கப்பட்டு, நெகிழும் ஒரு கம்பியின் முனையில் அவை பொருத்தப்படுகின்றன. எழுபத்து நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதன் வலிமை பாதியாகக் குறையும். தடித்த உருக்குக்குக் கோபால்ட்-60 பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் ஐந்தேகால் ஆண்டு. இவ்விரண்டுக்கும் அணைக்கும் விசை கிடையாது. இரவும் பகலும், வேலை நேரத்திலும் விடுமுறையிலும், அவை கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும்.

எனவே, வேலையில்லாத வேளையில் மூலத்தைக் காமிரா எனப்படும் கனத்த பெட்டிக்குள் வைத்திருக்கின்றனர். ஈயத்தினும் அடர்த்தி மிகுந்த, செறிவு நீக்கிய யுரேனியம் அப்பெட்டியில் கவசமாக அமைகிறது. படம் எடுக்கும்போது தொழிலாளி பல மீட்டர் தொலைவில் நின்று ஒரு கைப்பிடியைச் சுழற்றுகிறான். கம்பி நகர்ந்து மூலத்தை வெளியே தள்ள, அது வழிகாட்டுக் குழாயின் ஊடே சென்று பற்றவைப்பின் அருகில் நிற்கும். மறுபுறம் வைக்கப்பட்ட பிலிமில் படம் பதிகிறது. குறித்த நேரம் கழிந்ததும் கைப்பிடியை எதிர்த்திசையில் சுழற்ற, மூலம் பெட்டிக்குத் திரும்புகிறது.

திரும்புகிறது என்று எழுதினோம். திரும்பியிருக்க வேண்டும் என்பதே சரியான வாசகம். கம்பியின் இணைப்பு விடுபட்டு மூலம் குழாயிலேயே நின்றுவிடலாம். குழாய் நசுங்கி வழியடைத்துக்கொள்ளலாம். கைப்பிடி வழக்கம்போலவே சுழலும். தொழிலாளியின் கண்ணுக்கும் காதுக்கும் வேறுபாடு எதுவும் புலப்படாது.

வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 1 டெராபெக்கரல், அதாவது சுமார் 27 க்யூரி வலிமையுள்ள இரிடிய மூலம் கவசமின்றி வெளியே கிடக்கிறது என்று கொள்வோம். அதிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவனுக்கு மணிக்கு ஏறத்தாழ 130 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஏறும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சுத் தொழிலாளருக்கு வகுத்துள்ள வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது. ஓராண்டுக்கு உரிய அந்த 20 மில்லிசீவர்ட்டை நம் தொழிலாளி ஒன்பதே நிமிடங்களில் பெற்றுவிடுகிறான். பத்து மீட்டர் விலகி நின்றால் அளவு நூறில் ஒரு பங்காகிவிடும். நெருங்கினாலோ அதே விதிப்படி பெருகும். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் பத்தாயிரம் மடங்கு! அதைக் கையால் எடுத்தவனின் விரல்கள் ஒரு நிமிடத்தில் இருபது கிரே அளவு கதிர்வீச்சைப் பெறும். அவ்வளவில் தோல் சிவந்து கொப்புளித்து, ஆறாப் புண்ணாகும். எடுத்த கணத்தில் சூடுகூடத் தெரியாது. புண் தோன்றுவது நாட்கள் சென்ற பின்னரே.

நெஞ்சில் அணியும் பாட்ஜ்

இந்நிலையில் தொழிலாளிக்குத் தரப்படும் கருவிகளுள் யாவரும் அறிந்தது பாட்ஜ். இச்சொல்லுக்குத் தமிழில் பொருத்தமான பெயர் படைப்பது மொழிபெயர்ப்பாளனுக்குக் கடினமன்று. ஆனால் அப்பெயரைச் சொல்லித் தொழிலாளர் எவரும் அதைக் கேட்டு வாங்கப் போவதில்லை. பாட்ஜ் என்றே எழுதுவோம்.

தொடக்கக் காலத்தில் இது பிலிம் பாட்ஜாக இருந்தது. ஒளி புகாத உறையில் இட்ட சிறு பிலிம் கதிர்வீச்சினால் எவ்வளவு கறுத்துள்ளது என்று அளந்து, அணிந்தவர் பெற்ற அளவைக் கணித்தனர். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் பிலிமுக்குப் பகை. பதிந்த பிம்பம், கழுவி வெளிக்கொணருமுன்னரே மங்கத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வலியசாலை வீடுகளில் பீரோவிலிட்ட துணியே பூஞ்சணம் பிடிக்கிறதென்றால், பிலிமின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

1975 ஆம் ஆண்டு முதல் பிலிமின் இடத்தை டி.எல்.டி. எனப்படும் வெப்ப ஒளிர்வு அளவி பெற்றது. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்தியச் சூழலுக்கென இதனை வடிவமைத்தனர். இதன் உயிர்நாடி கால்சியம் சல்பேட். சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த, ஜிப்சத்தின் உறவினப் பொருள். டிஸ்ப்ரோசியம் என்னும் அருமண் உலோகத்தைச் சிறிதளவு அதில் சேர்த்து, டெஃப்லானுடன் கலந்து, 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய வில்லைகளாக ஆக்குகின்றனர். கதிர்வீச்சு பாயும்போது வில்லையினுள் எலெக்ட்ரான்கள் தம் இடம்விட்டுப் பெயர்ந்து, படிகத்தின் குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. சிக்கியவை மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். பிறகு ஆய்வகத்தில் சூடான நைட்ரஜன் வாயுவால் வில்லையை ஏறக்குறைய 285 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால், அவை விடுபட்டு ஒளியாக வெளிப்படுகின்றன. ஒளி மிகுதியாயின் கதிர்வீச்சு மிகுதி. ஒளிர்ந்து முடிந்த வில்லை மீண்டும் பயன்படுத்தத் தகுந்ததாகிறது.

ஒரு பாட்ஜில் மூன்று வில்லைகள் உண்டு. ஒன்றின்மேல் செம்பும் அலுமினியமும் சேர்ந்த தகடு, மற்றொன்றின்மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்த சாளரம். மூன்றும் பெற்ற அளவுகளை ஒப்பிட்டால், வந்தது காமாக் கதிரா, மெலிந்த எக்ஸ் கதிரா, பீட்டாக் கதிரா என்பது தெரியவரும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்பி, புதியது பெற்றுக்கொள்ள வேண்டும்.

தொழிலாளர் அணியும் பாட்ஜ்களுடன் எவரும் அணியாத ஒரு பாட்ஜும் நிறுவனத்துக்கு வந்து சேரும். இயற்கையில் உள்ள கதிர்வீச்சைக் கழித்துக் கணக்கிடுவதற்காக, கதிர் மூலத்துக்குத் தொலைவில், மற்ற பாட்ஜ்கள் ஓய்வில் தங்கும் இடத்திலேயே இதை வைத்திருக்க வேண்டும். இதைச் சிலர் வீண் சடங்கென்று எண்ணுகின்றனர். நம் கடற்கரையை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சவறை, கருநாகப்பள்ளிப் பகுதிகளிலும், தெற்கே மணவாளக்குறிச்சியிலும் மணலில் தோரியம் கலந்த மோனசைட் உள்ளது. அங்குள்ள கிராமங்களில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுதி. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளி மக்களுள் எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அக்கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாக அதில் தென்படவில்லை. இதைக் கேட்ட ரேடியோகிராபித் தொழிலாளி, தனக்கும் அச்சமில்லை என்று தேறுதல் கொள்ளலாகாது. அம்மக்கள் ஆண்டு முழுவதும் துளித்துளியாகப் பெறும் அளவை, அவன் ஒரு பிழையினால் சில நிமிடங்களில் பெற்றுவிட முடியும்.

பாட்ஜ் சொல்லாதவை

பாட்ஜ் மிக நேர்மையான கணக்கப்பிள்ளை. ஆனால் மூன்று மாதம் கழித்தே கணக்கைக் காட்டும். தொழிலாளி எவ்வளவு பெற்றான் என்று அது கூறுமேயன்றி, பெறாமல் தடுக்காது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாட்ஜை அணிந்துகொண்டால் கதிர்கள் அண்டா என்று நம்புவோர் இன்றும் உளர். தாயத்தின் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் இதற்கும் வேறுபாடு காணேன்.

பாட்ஜின் கணக்கிலும் ஐயத்துக்கு இடமுண்டு. ஒரு பாட்ஜில் 10 மில்லிசீவர்ட்டோ அதற்கு மேலோ பதிவானால் விசாரணை நடைபெறுகிறது. அணிந்தவன் உண்மையிலேயே அவ்வளவு பெற்றானா, அல்லது பாட்ஜ் மாட்டிய சட்டையைக் கழற்றி மூலத்தின் அருகில் மறந்து வைத்தானா? ஐயம் தீராவிடில் இரத்தப் பரிசோதனை செய்கின்றனர். மிகுந்த கதிர்வீச்சைப் பெற்றவரின் வெள்ளணுக்களில், இரு மையங்களைக் கொண்ட பழுதுபட்ட குரோமோசோம்கள் தோன்றும். பாட்ஜ் மட்டும் கதிர்பட்டு, மனிதன் படாதிருந்தால், அவன் இரத்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். அவனுக்குச் சாதகமாகவே காட்டும்.

இதற்கு நேர்மாறான தவறு கண்டுபிடிக்க அரிதானது. வரம்பை நெருங்கிவிட்டால் கதிர் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள், இரவு வேலைக்கான கூடுதல் ஊதியம் போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி, பாட்ஜைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு வேலைக்குச் செல்லக்கூடும். அவனுடைய ஏடு மாசற்றதாக விளங்கும்! எந்த வில்லையாலும் இத்தகைய பொய்யைக் கண்டறிய முடியாது. விலக்கப்படும் தொழிலாளிக்கு வேறு வேலையும் அதே ஊதியமும் உண்டு என்ற உறுதியை மேற்பார்வையாளர் தந்தாலன்றி, இவ்வச்சம் நீங்காது. கருவிகளைப் பற்றிய கட்டுரையில் ஊதியத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று கேட்கலாம். அணியப்படாத கருவி கருவியன்று என்பதே என் விடை.

அந்தக் கணமே சொல்லும் கருவிகள்

நிகழும்போதே அறிவிக்கும் கருவிகள் மூன்று. முதலாவது, பேனாவைப் போன்ற பை அளவி. அதனுள் மின்னூட்டம் பெற்ற குவார்ட்ஸ் இழை ஒன்று உண்டு. கதிர்வீச்சு காற்றை அயனியாக்க, மின்னூட்டம் குறைந்து இழை நகரும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணருகே வைத்தால், அளவுகோலின் மேல் இழையின் நிழலைக் காணலாம். இதற்கு மின்கலம் தேவையில்லை. ஆனால் கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ இழை தானே நகர்ந்து பொய் சொல்லும். இப்போது இதன் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது இரண்டாவது கருவி, மின்னணு அளவி. எண்களால் அளவைக் காட்டுவதுடன், குறித்த எல்லையைக் கடந்தால் ஓயாமல் கூவி எச்சரிக்கும். ஆலை இரைச்சலில் அக்கூவல் கேளாமற்போகலாமாதலின், அதிர்வினால் உணர்த்தும் வகைகளும் உண்டு.

மூன்றாவதும் முதன்மையானதும் கையில் ஏந்தும் ஆய்வு அளவி. சர்வே மீட்டர் என்று தொழிலாளர் வழங்குவது இதுவே. பெரும்பாலும் இதில் கெய்கர் - முல்லர் குழாய் இருக்கும். காமாக் கதிர் ஒன்று குழாயில் நுழைந்தால் உள்ளிருக்கும் வாயுவில் மின்துடிப்பு எழும். துடிப்புகளை எண்ணி, இவ்விடத்தில் மணிக்கு இவ்வளவு என்று முள்ளோ எண்ணோ காட்டும். கடந்த காலத்தைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. தொழிலாளி அடுத்த அடியை எடுத்து வைக்கலாமா என்பதை இது சொல்லும்.

இக்கருவிக்கும் ஒரு குறை உண்டு. அதை அறியாதவன் கையில் அதுவே ஆபத்தாகும். ஒரு துடிப்புக்குப் பின் குழாய் மீண்டும் தயாராக நுண்ணிய கால இடைவெளி வேண்டும். கதிர்கள் வெள்ளமாக வந்தால் குழாய் திணறி, எண்ணுவதையே நிறுத்திவிடும். பழைய கருவிகளில் முள் சுழியத்துக்கு இறங்கி நின்றதுண்டு. பேரபாயத்தின் நடுவில் நின்றுகொண்டு, அபாயம் இல்லை என்று கருவி கூறும் நிலை இது. இன்றைய கருவிகள் அந்நிலையில் எல்லை மீறியதெனக் காட்டுமாறு அமைக்கப்படுகின்றன. எனினும், கருவியைத் தொலைவிலேயே இயக்கிவிட்டு, முள் ஏறுவதைப் பார்த்தவாறே நெருங்க வேண்டும் என்னும் பழைய விதி இன்றும் நல்ல விதியே. மின்கலத்தைச் சோதிப்பதும், உரிய காலத்தில் தரப்படுத்தி வாங்குவதும் சொல்லாமலே விளங்கும்.

நேர்ந்த விபத்துகள்

தொழில் ரேடியோகிராபி விபத்துகளைப் பற்றிய பன்னாட்டுப் பட்டியல்களில் நம் நாட்டு நிகழ்ச்சிகளும் இடம்பெற்றுள்ளன. 1982 ஆம் ஆண்டு பம்பாய் விக்ரோலியில் இரிடிய மூலம் காவல் தவறியது. 1985 ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்தில், பயிற்சிக் குறைவும் முறைதவறிய வேலையும் சேர்ந்து, கோபால்ட் மூலத்தால் இருவர் காயமுற்றனர். அதே ஆண்டில் யமுனாநகரில் மின்சாரம் தடைப்பட்ட வேளையில், பாதுகாப்பு முறைகளை மீறி நடந்த வேலையில் இருவருடைய கைகள் 8 முதல் 20 கிரே வரை பெற்றன. விளக்கு அணைந்த ஆலையில், கதிர் வீசுவதை நிறுத்தாத ஒரு பொருளைக் கையாளும் நிலைமையை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

யாவற்றினும் விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் 1999 பிப்ரவரி 20 அன்று நேர்ந்தது. 1.37 டெராபெக்கரல் வலிமையுள்ள இரிடிய மூலம் காமிராவிலிருந்து பிரிந்து கிடந்தது. பற்றவைக்கும் தொழிலாளி ஒருவர் அது யாதென அறியாமல் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் இட்டுக்கொண்டார். அன்று மாலை அதனுடனேயே வேலை செய்தார். வண்டியேறி வீட்டுக்கும் சென்றார். இரவில் படம் எடுக்க முற்பட்டபோது பிலிமில் ஒன்றும் பதியவில்லை. அதன் பின்னரே மூலம் காணாமற்போனது தெரிந்து, நள்ளிரவு கடந்து அவர் வீட்டைத் தேடிச் சென்றனர். அவர் உயிர் பிழைத்தார். வலக்காலை அகற்ற நேர்ந்தது. அவர் ரேடியோகிராபித் தொழிலாளி அல்லர். ஆகவே அவரிடம் பாட்ஜ் இல்லை. இருந்திருந்தாலும் அது அவர் பையைப் பார்த்து வாய் திறந்திராது. பகலில் எவரேனும் ஆய்வு அளவியை ஏந்திக் காமிராவின் அருகே சென்றிருந்தால், அக்கால் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இந்தியாவில் ரேடியோகிராபி வேலை செய்வோர் உரிய பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதும், நிறுவனம்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் நெடுங்கால விதிகள். அப்பயிற்சியில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படும் ஒழுங்கு எளியது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும், அன்றைய நாளில் அது ஐம்பதாவது படமாக இருப்பினும், ஆய்வு அளவியைக் கையில் ஏந்தியே காமிராவை அணுக வேண்டும். காமிராவைச் சுற்றிலும், பின்னர் வழிகாட்டுக் குழாய் நெடுகிலும் அதன் முனைவரை அளந்து பார்க்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கம் கண்களை அழுத்தும்போது, ஐம்பதாவது முறை இதைச் செய்வதுதான் கடினம்.

வேலை முடிந்து காமிராவைப் பூட்டறையில் வைக்கும்போது, அதன் மேற்பரப்பில் அளந்த எண்ணை ஏட்டில் குறித்து, காலையில் எடுத்தபோது குறித்த எண்ணுடன் ஒப்பிட வேண்டும். கவசத்தையும் கடந்து சிறிதளவு கதிர் எப்போதும் கசியுமாதலின், மூலம் உள்ளே இருக்கும் பெட்டி ஒரு குறிப்பிட்ட எண்ணைக் காட்டும். அவ்வெண் மிகுந்திருந்தால் எவரும் எச்சரிக்கையடைவர். குறைந்திருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. பெட்டி வெறுமையாக இருக்கிறது, மூலம் வேறெங்கோ கிடக்கிறது என்பதே அதன் பொருளாகலாம். அந்நேரத்தில் பூட்டை இட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், அளவியை மீண்டும் கையில் எடுத்து, வேலை நடந்த இடத்துக்கு வந்த வழியே தேடிச் செல்ல வேண்டும்.